சர்க்கரை இறங்கினால் இதயம் படும் பாடு



கோலார் தங்கவயல் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. இன்று பலருக்கு வேலை பெங்களூரில். அதிகாலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களிலும் ஏறுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 55. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். விடியும் முன்பே எழுந்தார். சுகர் மாத்திரை போட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மனைவி கட்டிக் கொடுத்த டிபன் டப்பா பையில் இருக்கிறது. "பெங்களூர் போய்ச் சாப்பிடலாம்" என்று ஓடி வந்து ஏறிவிட்டார்.

ரயில் போகிறது. வயிற்றில் மாத்திரை வேலை செய்கிறது. ஆனால் சாப்பாடு இல்லை. கை நடுங்குகிறது. சட்டை வேர்வையில் நனைகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. "பசி மயக்கம்தான்" என்கிறார் பக்கத்தில் இருப்பவர்.

இது வெறும் பசி மயக்கம் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. பரிசோதனையில் 70க்குக் கீழே வந்தால் குறைவு. 54க்குக் கீழே போனால் ஆபத்து.

அப்போது உள்ளே என்ன நடக்கிறது? மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அது குறைந்ததும் உடம்பு அட்ரினலின் என்னும் நீரைச் சுரக்கிறது. அந்த நீர் இதயத்தை விரட்டுகிறது. துடிப்பு வேகமாகிறது. இதயத்தின் வேலை கூடுகிறது. சர்க்கரை நோயாளி பலருக்கு இதய ரத்தக் குழாய் ஏற்கெனவே குறுகியிருக்கும். கூடுதல் வேலைக்கு வேண்டிய ரத்தம் வந்து சேராது. நெஞ்சு வலி வரலாம். இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் என்னும் உப்பும் குறையும். அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். தூக்கத்தில் இப்படி நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 நோயாளிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்குச் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்தார்கள். அவர்களில் 257 பேர் இறந்தார்கள். மற்ற பாதியில் 203 பேர். 2008இல் அந்தக் கடுமையான சிகிச்சையை நிறுத்தினார்கள். சர்க்கரை இறங்கியதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு மருத்துவர்கள் வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் சர்க்கரையை அளவோடு குறைக்கிறார்கள்.

ரயிலில் இருக்கும் அந்தத் தொழிலாளிக்கு என்ன செய்வது? மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பிஸ்கட் உதவாது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் சர்க்கரைத் தண்ணீர். தெளிந்ததும் டப்பாவைத் திறந்து சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை கொடுத்தும் வேர்வையும் நெஞ்சு வலியும் நிற்கவில்லையா? அது மாரடைப்பாக இருக்கலாம். அடுத்த நிலையத்திலேயே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எல்லா மாத்திரையும் இப்படிச் செய்யாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்குவது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் ஆகியவற்றால்தான் அதிகம் இறங்கும். வெறும் வயிற்றில் சாராயம் குடித்தால் இன்னும் மோசம். ரத்தக் கொதிப்புக்குத் தரும் அடினோலால் போன்ற மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வேர்வை மட்டும் தெரியும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். "நான் இத்தனை மணிக்கு எழுகிறேன், இத்தனை மணிக்குத்தான் சாப்பிட முடிகிறது" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். அதுவரை டப்பாவில் உள்ள இட்லியில் இரண்டையாவது வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். சட்டைப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். அது எதற்கு என்று கூட வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.