முதல் நான்கு மணி நேரம்



என் ஆசிரியர்கள் அமர்ந்த நாற்காலி இது. இதில் என்னை அமர்த்தியதற்கு நன்றி. அவர்கள் தரத்துக்குப் பேச வேண்டுமே என்ற பதற்றமும் இருக்கிறது.

சிற்றூர் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை என்பது இந்த மாநாட்டின் பொருள். 2008-இல் 108 ஊர்தி வந்தபின் பயணம் எப்படி மாறியது, ரெஃபரல் எங்கே தடுமாறுகிறது, தொலைபேசி ஆலோசனை எவ்வளவு உதவுகிறது என்பதையெல்லாம் அடுத்தடுத்த அமர்வுகள் விரிவாகப் பேசும். எனக்குத் தந்த நேரத்தை ஒரே ஒரு கேள்விக்கு ஒதுக்க அனுமதி கேட்கிறேன். காய்ச்சலோடு, கைகால் சில்லிட்டு, ஷாக்கில் வரும் குழந்தைக்கு ட்ரிப்பை எவ்வளவு வேகமாக விடுவது? வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தையை இதில் நான் சேர்க்கவில்லை. அதற்கு நீர் வேண்டும் என்பதில் தகராறே இல்லை. டெங்குவுக்கும் தனிக் கணக்கு உண்டு.

முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 40 மில்லிக்கு மேல் கொடு என்ற பாடத்தின் வேர் 1991-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. அதில் மொத்தம் 34 குழந்தைகள். அவ்வளவு திரவம் பெற்றவர்கள் 9 பேர். எட்டுப் பேர் பிழைத்தார்கள். ஆனால் அந்த 34 பேருக்கும் நுரையீரல் தமனிக்குள் குழாய் செலுத்தி அழுத்தம் அளந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழாயை நாம் விட்டுவிட்டோம்; 40 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2011-இல் ஃபீஸ்ட் ஆய்வு வந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் ஆறு மருத்துவமனைகள், 3,141 குழந்தைகள். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், சலைனை மொத்தமாக வேகமாக ஏற்றும் போலஸ் பெற்றவர்களில் 10.5 சதவீதம், பெறாதவர்களில் 7.3 சதவீதம். நம் மூத்தவர்கள் சிலர், நான் பெரிதும் மதிப்பவர்கள், அப்போது சொன்னார்கள்: 'அது ஆப்பிரிக்கா. மலேரியா, ரத்தசோகை. நமக்குப் பொருந்தாது.' பணிவோடு மறுக்கிறேன். மலேரியா இல்லாத குழந்தைகளிலும், ரத்தசோகை கடுமையாக இல்லாத குழந்தைகளிலும் முடிவு அதே திசையில்தான் இருந்தது. 'வென்டிலேட்டர் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்' என்றார் இன்னொரு நண்பர். கூடுதல் இறப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் நுரையீரலில் நீர் கோத்தது அல்ல, ரத்த ஓட்டமே சரிந்தது என்று 2013-இல் அதே ஆய்வுக் குழு காட்டியது.

ஆப்பிரிக்கா வரை போகவும் வேண்டாம். நம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் 147 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பதினைந்து நிமிடத்தில் 40 மில்லி ஒரு பக்கம், இருபது நிமிடத்தில் 20 மில்லி மறுபக்கம். இறப்பில் வேறுபாடில்லை. வேகமாகப் பெற்ற குழந்தைகளிடம் கல்லீரல் வீக்கம்தான் அதிகம் தென்பட்டது. வீட்டுக்குள்ளேயே கேட்ட அந்த எச்சரிக்கைக்கு நாம் உரிய காது கொடுக்கவில்லை.

ஃபீஸ்ட்டை எல்லோரும் போலஸுக்காகப் படித்தார்கள். போலஸ் பெறாத குழந்தைகளின் பத்தியைப் படித்தவர்கள் குறைவு. இறப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால், ஆய்வின் நடுவிலேயே குழந்தைகளின் எண்ணிக்கையை உயர்த்த நேர்ந்தது. அந்தக் குழந்தைகளுக்கு என்னதான் கிடைத்தது? ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, சர்க்கரை குறைந்தால் குளுக்கோஸ், தேவைப்பட்டவர்களுக்கு ஆக்சிஜனும் ரத்தமும், நிதானமான ட்ரிப். கூடவே, பயிற்சி பெற்ற ஒருவர் 1, 4, 8, 24, 48-ஆம் மணிகளில் வந்து பார்த்துக் குறித்தார். இதில் எந்தப் பொருள் நம் தாலுகா மருத்துவமனைக்கு எட்டாதது? எட்டாமல் இருப்பது, அப்படி வந்து பார்க்கும் ஆள்.

என் இளவயதில் ஒரு சிறிய மருத்துவமனையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு வயதுப் பெண் குழந்தை, மூன்று நாள் காய்ச்சல். பாட்டிலைத் தூக்கிக் கட்டி முழு வேகத்தில் திறந்துவிட்டேன். 'நாடி இறங்கலை டாக்டர், ஏறுது' என்றார் நர்ஸ் அக்கா. 'ஓடட்டும் சிஸ்டர்' என்று சொல்லிவிட்டு ரெஃபரல் சீட்டு எழுத உட்கார்ந்தேன். பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்தது. மறுநாள் கேஸ் ஷீட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலில் மூன்று வரி: 1.10 – 152. 1.30 – 164. 1.50 – 178. முன்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரே வரி: 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது.'

திரவம்தான் கொன்றது என்று இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நிறுத்து என்று அந்த மூன்று எண்கள் சொல்லிக்கொண்டிருந்தன என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்த அறையில் சரியாகச் சிகிச்சை செய்தவர் அக்கா.

தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் குறையாத குழந்தைக்கு போலஸ் வேண்டாம் என்று 2020-இன் சர்வதேச வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. நம் வார்டுச் சுவர்களில் இன்னும் பழைய அட்டவணைதான் தொங்குகிறது. ஊருக்குத் திரும்பியதும் அதைக் கழற்றுங்கள். வென்டிலேட்டர் கேட்டு நாம் எழுதும் தீர்மானங்களை நான் எதிர்க்கவில்லை. அவற்றுக்கு முன்னால் ஒரு தீர்மானம் வர வேண்டும் என்கிறேன்: ஷாக்கில் வரும் குழந்தைக்கு, முதல் நான்கு மணி நேரம் வேறு வேலை இல்லாத ஒரு ஸ்டாஃப் நர்ஸ், அவர் எழுதும் எண்களுக்குக் கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் இடம், ட்ரிப்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம்.

மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.