தண்டவாளம் யாருக்குச் சொந்தம்?

மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைத்த ரயிலைப் பற்றிப் பேச வரலாற்றாசிரியர் யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். “உங்கள் தாத்தா ரயில்வேக்காரர்தானே!” என்றார்கள். அந்தத் தகுதியில் வந்திருக்கிறேன்.

1903ல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1918ல் அந்தப் பாதையைக் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே விலைக்கு வாங்கியது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் பொதுச் சொத்து அது. தண்டவாளத்தோடு நிலமும் கைமாறியது. ஒரு பகுதிக்கு 999 ஆண்டுக் குத்தகை! எல்லாமே ஆங்கிலேயர் ஆட்சி என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. பாதை போட்டவர்களில் ஏராளமானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள். நிலைய அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள். பத்திரத்தில் இவர்கள் பெயர் எங்கே இருக்கப் போகிறது?

1923ல் ஜொகூர் கடற்பாலத்தில் ரயில் ஓடியது. 1932ல் தஞ்சோங் பகார் நிலையம் வந்தது. 1965ல் சிங்கப்பூர் தனி நாடானபோதுதான் சிக்கல் தெரிந்தது. நாடு ஒருவருடையது, அதன் நடுவே ஓடும் தண்டவாளம் இன்னொருவருடையது. 1990ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கும் இரு தரப்பும் வெவ்வேறு பொருள் சொன்னார்கள்.

1998ல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகளோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தார்கள். விளைவு? பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டு, பிறகுதான் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். பள்ளி நாளில் தாத்தாவோடு இப்படிப் போயிருக்கிறேன். “இப்ப நாம எந்த நாட்டுல இருக்கோம் தாத்தா?” என்று கேட்டேன். “ரயில்ல இருக்கோம்மா, பேசாம உட்காரு” என்றார்.

2010ல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பட்டார்கள். ரயில் நிலங்களுக்கு மாற்றாகச் சிங்கப்பூரில் வேறு மனைகள்; அவற்றை மேம்படுத்த ஒரு கூட்டு நிறுவனம். மலேசியாவின் கசானாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூரின் தெமாசெக்குக்கு 40. ஆக, ரயில் ஓடியவரை கூட்டுச் சொத்தாகாதது, ஓட்டம் நிற்கும்போது கூட்டு வியாபாரமாயிற்று!

2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்றார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, வண்டி மறைந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் பழுதுபார்த்த பாதையும் பிறகு பெயர்க்கப்பட்டது.

புக்கிட் சாகார் – உட்லண்ட்ஸ் நார்த் புதிய ரயில் இணைப்புக்கு 2020ல் கையெழுத்தானது. அதை நடத்துவது மலேசியாவின் பிரசாரானாவும் சிங்கப்பூரின் எஸ்.எம்.ஆர்.டி.யும் சேர்ந்த கூட்டு நிறுவனம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே என்று இம்முறை முன்கூட்டியே எழுதிக்கொண்டார்கள்.