கணினித் துறையும் கலைப்பிரிவு மாணவரும்



க. பொ. த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் பெற்றோர் பலர் என் அலுவலகத்துக்கு வருவர். “பிள்ளையைக் கொம்பியூட்டர் படிப்பிக்க விரும்புகின்றோம், சேர்” என்பர். கொம்பியூட்டரில் எதனைப் படிப்பிப்பது என்று வினவினால் விடை வராது. மருத்துவம் என்ற சொல்லுக்குள் சத்திரசிகிச்சை செய்பவரும் மருந்து கலப்பவரும் தாதியும் அடங்குதல் போல, கணினித் துறை என்பதற்குள்ளும் வெவ்வேறு தொழில்கள் அடங்கியுள்ளன.

நிரல் எழுதுவோரை யாவரும் அறிவர். ஒரு நிறுவனத்தின் வேலைமுறையை அங்குள்ளோரிடம் கேட்டறிந்து, அதற்கு எத்தகைய மென்பொருள் வேண்டுமெனத் தெளிவாக எழுதிக் கொடுப்பவர் பகுப்பாய்வாளர். ஆக்கிய மென்பொருளை வேண்டுமென்றே தாறுமாறாக இயக்கி, எங்கே பிழைக்கின்றது எனப் பார்ப்பவர் சோதனையாளர். வலையமைப்பைப் பேணுவோர், தரவுகளைக் காப்போர், திரையின் தோற்றத்தை வகுப்போர் என இன்னும் பலர் உளர். இவர்கள் எல்லாரும் கணிதத்தில் ஆழ்ந்த புலமை உடையவராதல் வேண்டுமென்பதில்லை.

இவ்வுண்மையை நான் பிந்தியே உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், உயர்தரத்தில் தமிழும் புவியியலும் அளவையியலும் பயின்ற மாணவி ஒருத்தி, தான் கணினி கற்கலாமா என்று என்னிடம் கேட்டாள். “அது கணிதப் பிரிவினர்க்கு உரியது, உனக்கு ஏன் அந்த வீண் முயற்சி?” என்று அனுப்பிவிட்டேன். நானும் கலைப் பட்டதாரியே. என் அச்சத்தையே அவளுக்கு அறிவுரையாக வழங்கினேன் என்று இப்பொழுது எண்ணுகின்றேன்.

நல்லகாலம், அவள் என் சொல்லைக் கேட்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் ஆரம்பித்த தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டப் படிப்பிற் சேர்ந்தாள். கலைப்பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தோர்க்கும் அதன் கதவு அடைபட்டதன்று. அனுமதி நிபந்தனைகளை மாத்திரம் முன்னதாகக் கவனமாய் வாசித்தறிதல் வேண்டும். இன்று அவள் மென்பொருட் சோதனையாளராகப் பணியாற்றுகின்றாள்.

ஒருநாள் பாடசாலைக்கு வந்திருந்தபோது தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். யுனிக்கோடு எனப்படும் உலகக் குறிமுறை, இந்திய மொழிகளுக்குப் பொதுவானதோர் ஒழுங்கைத் தழுவித் தமிழெழுத்துகளுக்கு எண்ணிட்டுள்ளது. அதில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. நம் நெடுங்கணக்கிலோ னகரமே ஈற்றெழுத்து. ஆதலின் பெயர்ப் பட்டியலொன்றைக் குறியெண் வரிசைப்படியே அடுக்கினால், ‘கமலா’வுக்கு முன் ‘கனகம்’ வந்துவிடும். உடனிருந்த நிரலாளர் கண்ணிற் படாத இப்பிழை, தமிழ் இலக்கணம் கற்ற இவள் கண்ணிற் பட்டது. தமிழுக்குரிய வரிசை விதியை நிரலிற் சேர்த்தபின் பட்டியல் சீராயிற்று. வகுப்பறையில் நான் கற்பித்த நெடுங்கணக்கு இப்படியும் பயன்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை!

ஆங்கிலம் வேண்டாமோ எனின், வேண்டும். அதிலே தளர்ச்சி கூடாது. நிரலைத் தாமே எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 இன் பின் பெருகிவிட்டமையால், புதிதாய் வருவோர்க்கு வேலை அருகுமோ என்ற அச்சமும் வெறும் அச்சமன்று. ஆயினும், கருவி எழுதியது சரியோ பிழையோ எனத் தீர்மானிக்க மனிதர் வேண்டியிருக்கின்றனர்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. தாயின் காப்பை ஈடுவைத்து, மூன்று மாதத்தில் வேலை உறுதி என்று விளம்பரம் செய்த வகுப்பொன்றிற் பிள்ளையைச் சேர்த்த குடும்பத்தை நான் அறிவேன். கிடைத்தது அழகிய சான்றிதழ் ஒன்றே. அதனை ஏற்பார் ஒருவரும் இலர். பணம் கட்டுமுன், அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவுபெற்றதா, அந்தப் பயிற்சி தேசிய தொழிற்றகைமையின் எந்நிலைக்குரியது என்று கேளுங்கள். 1 முதல் 4 வரையுள்ள நிலைகள் சான்றிதழுக்கும், 5, 6 டிப்ளோமாவுக்கும், 7 பட்டத்துக்கும் உரியன. கேட்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

உயர்தரக் கலைப்பிரிவிலும் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாகத் தெரிவு செய்யலாம். இதனை எடுத்துச் சொல்வதற்காக அந்த மாணவியையே எமது பதினோராம் வகுப்பினர் முன் பேச அழைத்துள்ளேன். அன்று அவள் என்னிடம் கேட்ட கேள்வியையும், நான் கூறிய விடையையும் மறையாது சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கின்றேன்.