உயிரணுவின் கணக்குகளும் கணிப்பொறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

உயிரணுவின் உள்ளே நிகழ்வனவற்றைக் கணிப்பொறியின் துணைகொண்டு அறிஞர்கள் எங்ஙனம் அறிகின்றனர் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து ரயில்வே அலுவலகம் புகுந்த நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பல கணக்கேடுகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பதே இக்கலையின் உயிர்நாடி. அத்தொழில் நமக்குப் பழக்கமானதே!

உயிரணு ஒரு பெரிய சரக்கு நிலையம் போன்றது. அதன் விதிப்புத்தகம் மரபணுக்களால் ஆனது. ஒன்று தேவைப்படுங்கால், உரிய மரபணுவினின்று ஒரு படி எடுக்கப்படுகிறது. செய்தி ஆர்.என்.ஏ. எனப்படும் அப்படியை நமது இண்டென்டுக்கு ஒப்பிடலாம். அதன்படி உருவாகி வேலையைச் செய்வது புரதம். அதுவே வந்து சேரும் வேகன். பத்து வேகனுக்கு இண்டென்ட் போட்டதனாலேயே பத்தும் வந்துவிட்டதாக எந்தக் குமாஸ்தாவும் எழுதி வைப்பதில்லை. இரு புத்தகங்களையும் ஒத்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் ஓர் ஒற்றை உயிரணு. ஏறத்தாழ 6000 மரபணுக்கள் கொண்ட அதன் விதிப்புத்தகம் 1996ஆம் ஆண்டில் முழுமையாகப் படிக்கப்பட்டது. பின்னர் டிரே ஐடேக்கர், லீராய் ஹூட் முதலிய அமெரிக்க அறிஞர்கள், ஈஸ்ட் காலக்டோஸ் என்னும் சர்க்கரையை எவ்வாறு பயன்படுத்துகிறது என ஆராய்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். இயல்பான ஈஸ்ட் ஒன்று, ஒவ்வொரு மரபணுவை நீக்கிய ஈஸ்ட் ஒன்பது. இப்பத்தையும் காலக்டோஸ் இட்டும் இடாமலும் வளர்த்து, இருபது நிலைகளில் கணக்கெடுத்தனர். 997 மரபணுக்களின் செய்திப் படிகள் கூடியோ குறைந்தோ காணப்பட்டன. அளந்தறிந்த 289 புரதங்களுள் ஏறத்தாழ 15, செய்திப் படிக்குப் பின்னே இயங்கும் வேறு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை எனத் தெரிந்தது. இண்டென்ட் புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் இவை கண்ணில் பட்டிருக்குமா?

எந்தப் புரதம் எதனோடு இணைகிறது, எந்த மரபணுவை ஏவுகிறது என முன்னரே அறியப்பட்டிருந்த செய்திகளையும் அவர்கள் கணிப்பொறியில் சேர்த்தனர். மரபணு ஒரு புள்ளி. உறவு ஒரு கோடு. ஏற்றத்தாழ்வு நிறத்தால் குறிக்கப்படும். இத்தகைய படம் வரையும் சைட்டோஸ்கேப் என்னும் மென்பொருள் 2002இல் வெளியாயிற்று. யாவரும் இலவசமாகப் பெறலாம்.

இம்முயற்சியின் சிறப்பு யாதெனில், எதிர்பார்ப்பும் கணக்கும் ஒவ்வாத இடம் பளிச்செனத் தெரிந்ததுதான். காலக்டோஸைச் சிதைக்கும் வழியில் பிந்திய படிக்குரிய மரபணுவை நீக்கியபோது, அவ்வழியின் பிற மரபணுக்களும் எதிர்பாராவண்ணம் அடங்கின. காரணம் என்ன? இறக்குமிடம் அடைபட்டால் யார்டில் வேகன்கள் தேங்கும்; உடனே மேற்கொண்டு அனுப்பாதே என்று தகவல் போகும். அவ்வாறே, இடையில் தேங்கும் காலக்டோஸ் பாஸ்பேட்டே தடுப்புக்குக் காரணமாகலாம் என ஊகித்தனர். அப்பொருளை உண்டாக்கும் முதற்படி மரபணுவையும் சேர்த்து நீக்கிப் பார்த்தனர். தேக்கத்திற்கு இடமில்லாத அந்த ஈஸ்டில், முன்கண்ட அடக்கமும் காணப்படவில்லை. ஊகத்திற்கு வலிமை கிடைத்தது. ஐயத்தைச் சுட்டிக்காட்டியது கணிப்பொறி. அதனைச் சோதித்துத் தீர்த்தது ஆய்வுக்கூடம்.

ஈஸ்டின் கதை நமக்கெதற்கு என்று தாய்மார்கள் கேட்கலாம். பாலிலுள்ள சர்க்கரை செரிக்கும்போது காலக்டோஸ் உண்டாகிறது. அதனைச் சிதைக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் அரிதாகப் பிறக்கின்றன. அவற்றின் உடலிலும் இதே பொருள் தேங்குகிறது. அமுதாகிய தாய்ப்பாலே நஞ்சாகிறது! இந்நோயை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தால் இதனைக் கண்டறியலாம். காலத்தே கண்டு, பாற்சர்க்கரையற்ற உணவு கொடுத்தால் உயிர் காக்கலாம். ஆயினும், அவ்வாறு பிழைத்த குழந்தைகள் சிலருக்குப் பின்னாளில் பேச்சிலும் கல்வியிலும் குறை தோன்றுகிறது. உயிரணு இத்தேக்கத்திற்கு எவ்வெவ்வாறு ஈடு கொடுக்கிறது என்பதை முழுதும் அறிந்தாலன்றி அக்குறையைப் போக்க இயலாது. அறிஞர்களின் உழைப்பு அத்திசையிலும் செல்கிறது.

நமது காலனித் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சிளங்குழந்தை பால் குடித்தபின் ஓயாது வாந்தியெடுத்தாலோ, மஞ்சள் காமாலை குறையாதிருந்தாலோ, கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள், மருத்துவரிடம் விரையுங்கள். அவர் சொல்லாமல் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டா; ஏனெனில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனினும் சிறந்த உணவு வேறில்லை.

இளைஞர்களே! கணிதம் பயில்வோர் உயிரியலையும், உயிரியல் பயில்வோர் கணிதத்தையும் புறக்கணித்தல் வேண்டா. இரண்டு ஏடுகளையும் ஒருங்கே விரித்துப் படிக்க வல்லவரே இத்துறைக்குத் தேவை. அத்தகையோர் நமது காலனியிலிருந்தும் தோன்றுவாராக!