வாளி மீனும் ஆற்று மீனும்

(கிளைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, வைத்தியம் என்று இந்த மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறோம். இன்று செயலாளர் என்னிடம், "தூண்டிலுக்கு உயிர்மீன் பிடித்து வைக்கும் முறையைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். சிரிக்காதீர்கள்! வெட்டு முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டபின் தூண்டிலும் கையுமாக ஓடைக்குப் புறப்படுகிறவர்கள் இங்கே பாதிப் பேருக்குக் குறையாது. அவர்கள் கொண்டுவருவது வேடிக்கைக்கல்ல, குழம்புச் சட்டிக்கு. பிள்ளை பெற்ற தாய்க்கும், ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கும் விரால் சாறு வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆகையால் இது வீட்டு விஷயம், பேசத்தான் வேண்டும்.

மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் விராலும், அதைவிடப் பெரிதாக வளரும் தோமானும் ஓடுகிற இரையைத் துரத்திக் கவ்வும் ஜாதி. செத்த மீனைக் கோத்துப் போட்டால் கெளுத்தி வரலாம். தோமான் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே இரைமீன் உயிரோடு துடிக்க வேண்டும்.

பிடிப்பது சுலபம். ஓடையின் ஓரத்தில், தண்ணீர் மெல்ல ஓடும் இடத்தில், செலுவாங் என்னும் பொடிமீன் கூட்டமாக நிற்கும். மூங்கில் கூடையை நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, மேற்பக்கத்திலிருந்து ஒருவர் புல்லைக் காலால் கலைத்துக்கொண்டு வந்தால் போதும். தனியாகப் போகிறவர் ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, கழுத்துப் பக்கத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகிக் கட்டலாம். உடம்பில் சிறு துவாரங்கள் போட்டு, உள்ளே ஒரு துண்டு ரொட்டியோ தேங்காய்ச் சக்கையோ வைத்து, வாய் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி ஒரு கல்லோடு அமிழ்த்துங்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சலில் வரும் மீன் உள்ளே புகுந்துவிடும். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இராமுழுதும் போட்டுவைத்தால் நெரிசலில் மீன் செத்துக் கிடக்கும்.

இரண்டு எச்சரிக்கை. சிவந்த குஞ்சுகள் திரளாக மேலே வந்து வந்து போவதைக் கண்டால் அதில் கை வைக்காதீர்கள். அது விரால் அல்லது தோமான் குஞ்சு. பெற்றோர் மீன் கீழே காவல் நிற்கும். அதை அள்ளுவது வருகிற வருஷத்து மீனை இன்றே அழிப்பதாகும். மற்றொன்று, இரைமீன் பிடிக்கச் சிறுபிள்ளைகளைத் தனியே ஈயக் குட்டைக்கு அனுப்பாதீர்கள். அங்கே கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம் ஆளை விழுங்கிவிடும்.

பிடிப்பது சுலபம் என்றேன். காப்பதுதான் கஷ்டம். பத்துப் பிடித்தால் எட்டு வழியிலேயே மல்லாந்துவிடுகிறதே, காரணம் என்ன? மீனும் நம்மைப் போலப் பிராணவாயுவை உட்கொள்ளும் பிராணிதான். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைச் செவுளால் எடுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று மிகக் குறைவு. 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதாவது, வெயிலில் வைத்த வாளியில் மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

ஆகையால் வாய் அகன்ற பாத்திரமாக எடுங்கள். தண்ணீர் மேல்மட்டத்தின் வழியாகத்தான் காற்றை வாங்குகிறது. குறுகிய வாய் உள்ள தகரம் உதவாது. ஒரு லிட்டருக்கு ஒரு பொடிமீன் என்று வையுங்கள். நிழலில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு கடையில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் சிரட்டையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அதுவும் காற்றேற்றும் முறைதான். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். காய்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும், பிறகு நோய் பற்றும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஒரு நாள் திறந்து வைத்து ஆறிய பிறகே உபயோகிக்க வேண்டும். கொண்டுபோகும் நாளில் தீனி போடாதீர்கள்; அது தின்று கழித்துத் தண்ணீரைக் கெடுக்கும். கோக்கும்போது முதுகுத் துடுப்புக்கு முன்னால், முதுகெலும்பில் படாமல், தோலை ஒட்டிக் கோத்தால் நெடுநேரம் நீந்தும்.

தோழர்களே, இன்னொரு விஷயம். பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா விடுகிறோமே, அதே அமோனியாவை மீனும் தன் செவுள் வழியே கழிக்கிறது. நெரிசலான வாளியில் அது சேர்ந்து மீனையே கொல்லும். அதனால்தான் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மெதுவாக மாற்ற வேண்டும். பால் வாளியை அவசரமாக அலசி அதில் மீன் விடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். ஆசிட் வைத்த கலனும் ஆகாது.

களைக்கொல்லி வந்த தகரத்தை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பாராகுவாட் என்னும் விஷம் எத்தனை தோட்டங்களில் தெளிக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 1 முதல் அது இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய கலன்கள் வீட்டுப் பின்புறத்தில் இன்னும் கிடக்கலாம்; வேறு களைக்கொல்லிகளும் நடமாடுகின்றன. அந்தத் தகரத்தில் நீந்திய மீனைத்தான் விரால் விழுங்கும். அந்த விராலைத்தான் நாம் சமைப்போம். கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். துளை போட்டு, ஒருவருக்கும் உதவாதபடி ஆக்கிவிடுங்கள்.

வாளியில் கண்ட நியாயமே ஆற்றுக்கும். ரப்பர் ஆலைக் கழிவும் செம்பனை ஆலைக் கழிவும் ஓடையில் விழுந்தால், அதை அழுகச் செய்யும் கிருமிகள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் உறிஞ்சிவிடும். மீன் விஷத்தால்தான் சாக வேண்டும் என்பதில்லை; மூச்சு முட்டியும் சாகும். இதற்காகத்தான் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் செய்யப்பட்டன.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. ஓடையைத் தினமும் பார்ப்பது யார்? இரைமீன் பிடிக்கப் போகும் நாம்தான். ஒன்றை நினைவில் வையுங்கள்: விராலும், புயு என்னும் பனையேறிக் கெண்டையும் தலையை நீட்டி வெளிக்காற்றையே சுவாசிக்க வல்லவை. அவை இருப்பதால் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. செலுவாங் அப்படியல்ல. போன வாரம் கூட்டமாக நின்ற இடத்தில் இந்த வாரம் ஒன்றுகூட இல்லையென்றால், சந்தேகப்படுங்கள். செத்து மிதந்தால், தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சுத்தமான போத்தலில் தண்ணீர் பிடித்து வையுங்கள். அந்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். அவர் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுதட்டும். எழுத வராதவர்களுக்கு எழுதிக் கொடுக்க என்னைப் போன்ற கிராணிமார்கள் இருக்கிறோம்.

விஷம் கலந்தும் மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பவர்கள் நம்மிலேயே இருந்தால், அவர்களையும் தடுக்க வேண்டும். நம் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டால்தான் ஆலையைப் பார்த்துக் கேட்க நமக்கு வாய் இருக்கும். மீந்த இரைமீனைப் பிடித்த ஓடையிலேயே விடுங்கள். வேறிடத்து மீனைக் கொண்டுவந்து ஆற்றில் கலக்காதீர்கள்.

வாளியில் பத்து மீன் மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்க்கிறோம். அதே கண்ணால் ஓடையையும் பார்ப்போம். லயத்துப் பிள்ளைகள் இறங்கிக் குளிப்பது அந்தத் தண்ணீரில்தான்.