ஐயம் சூழ்ந்த நாளில் அபயதானம்

(வேப்பந்தட்டையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உணவு, மருந்து, கல்வி, அபயம் எனத் தானத்தை நால்வகையாக வகுத்தனர் முன்னோர். முதல் மூன்றையும் பொருளுடையார் எவரும் செய்யலாம். நான்காவதற்குப் பொருள் மட்டும் போதாது, துணிவும் வேண்டும். அஞ்சி வந்தவரின் அச்சத்தைப் போக்குவதே அபயதானம். நாட்டில் அரசியல் கொந்தளிப்பு எழும்போது அறக்கட்டளைகளும் தொண்டு அமைப்புகளும் இந்த நான்காம் தானத்தில்தான் சோதிக்கப்படுகின்றன.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் செல்வோர் அறிந்த துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. தமிழகத்தில் இத்தகைய முகாம்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

1983 ஜூலைத் திங்களில் இலங்கையில் தமிழர்க்கு எதிராக மூண்ட வன்செயலில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் பல மாய்ந்தன. அதன் பின்னர், பிழைத்தோர் படகேறி இராமேசுவரம் பகுதியில் கரையிறங்கினர். மண்டபம் முகாம் வழியாகப் பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அன்று தமிழகமே அவர்களுக்காக இரங்கியது. ஊர் முழுதும் இரங்கும் நாளில் உதவுவது எவர்க்கும் எளிது.

1984-ஆம் ஆண்டு, தந்தை செல்வாவின் மைந்தர் எஸ். சி. சந்திரகாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஏதிலியரே ஏதிலியர்க்குத் தொண்டு புரிவது அக்கழகத்தின் வழி.

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். குற்றம் செய்தோர் சிலர். ஐயம் விழுந்ததோ முகாம்களில் வாழ்ந்த அனைவர்மேலும். கண்காணிப்பு இறுகியது. உயர்கல்வியின் கதவுகள் ஏதிலி மாணவர்க்கு அடைபட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்லத் தடைகள் எழுந்தன. 1992-இல் தாயகம் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. எட்டாண்டுகளுக்கு முன் சோறு நீட்டிய கைகளுள் பல அப்போது தயங்கின.

அத்தயக்கத்தை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அறக்கட்டளையின் பணம் பலர் நம்பி ஒப்படைத்த பணம். அறங்காவலர் ஒருவரின் பிழையால் கட்டளையே முடங்கினால், அதை நம்பியிருக்கும் ஏழையரும் துன்புறுவர். ஆயினும், தயங்கும் அறங்காவலர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்: தடுப்பது சட்டமா, ஊர்ப் பேச்சா? சட்டம் தடுக்குமாயின், அது அனுமதிக்கும் வழியை நாடலாம். ஊர்ப் பேச்சே தடுக்குமாயின், அதற்கு அஞ்சி அறத்தை நிறுத்துதல் தகாது.

மறுவாழ்வுக் கழகம் அத்தகைய வழியையே நாடியது. அரசோடு மோதவில்லை, மக்களைக் கைவிடவும் இல்லை. பிள்ளைகளின் கல்விக்குத் துணைநின்றது. முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று பெற உதவியது. இது சிறு செயல்போல் தோன்றும். ஆனால், சான்று இல்லாத குழந்தையை எந்த நாடும் தன் பிள்ளை என்று ஏற்க முன்வராது. முழக்கமின்றிச் செய்யப்பட்ட அந்த எழுத்துப் பணி ஒரு தலைமுறையைக் காத்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, கடல் கடந்து வந்த அம்மக்களே தமிழகக் கரையோர மக்களின் துயர்துடைக்கத் தொண்டர்களாக வந்தனர். பெற்றவர் கொடுப்பவராக உயர்ந்தனர்.

2009-இல் இலங்கையில் போர் முடிந்தது, செய்திகளும் ஓய்ந்தன. முகாம்கள் மட்டும் ஓயவில்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றி, வீடுகளுக்கும் கல்விக்குமாக 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. முகாமில் பிறந்தவர்களே இன்று தாய் தந்தையராய் இருக்கின்றனர். குடியுரிமை இன்னும் பலர்க்கு எட்டவில்லை.

ஆகவே, கொந்தளிப்புக் காலத்தில் அறச்சாலைகள் கைக்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. பசித்தவரிடம் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேளாதிருத்தல். கணக்கையும் சட்டத்தையும் ஐயத்திற்கு இடமின்றிப் பேணுதல். செய்தி ஓய்ந்த பின்னும் பணியைத் தொடர்தல்.

விழா நாளில் இடும் அன்னம் ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணமும், உரிய காலத்தில் எழுதிக் கொடுக்கும் ஒரு விண்ணப்பமும் ஒரு வாழ்வின் அச்சத்தையே நீக்கும். அதற்குரியோர் பேருந்தில் சென்று சேரும் தொலைவிலேயே இருக்கின்றனர்.

அறம் வளர்க.