வரவு யார் கணக்கில்?

நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணியின் நண்பர்களே! நான் என்ன பேசப் போகிறேன் என்று தெரிவதற்கு முன்பே மறுப்பதற்குத் தாளும் பேனாவுமாய்க் குனிந்துவிட்ட எதிரணிப் பெருமக்களே!

தலைப்பு எளிமையானது. திருச்சபை வாலிபர்கள் பதினைந்து இருபது பேராய்ச் சேர்ந்து கடல் கடந்து ஊழியப் பயணம் போகிறார்கள். அந்தப் பயணத்தால் பெரிதும் பயன் பெறுவது போன பிள்ளைகளா, போய் இறங்கிய ஊரா? நான் ‘போன பிள்ளைகளே’ என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் உருக்கமாய்ப் பேசினார். ‘பள்ளிக்கூடம் யாரால் வந்தது? ஆஸ்பத்திரி யாரால் வந்தது? கப்பலேறி வந்த பிள்ளைகளால வந்தது’ன்னு சொன்னாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) நல்லதைச் சொன்னால் எதிரணின்னு பார்த்துக் கையைக் கட்டிக்கிட்டா இருக்க முடியும்?

ஆனால் ஐயா, வந்தவர்கள் வேறு, வந்து போனவர்கள் வேறு. அம்மா இரண்டையும் ஒரே இலையில் பரிமாறிவிட்டார்.

அவர் சொன்ன வைக்கோற்போர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 1806 ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் திறந்த வெளியில் ஜெபம் பண்ணப் போகிறார்கள். இடியும் மழையும் பிடித்துக்கொள்கிறது. பக்கத்திலிருந்த வைக்கோற்போருக்கு அடியில் ஒதுங்குகிறார்கள். நம்ம ஊரில் வைக்கோற்போர் என்றால் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். (சிரிப்பு) அங்கே ஒரு பெரிய இயக்கமே பிறந்தது. 1810-ல் சங்கம் அமைத்தார்கள். 1812-ல் முதல் ஊழியர்கள் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்கள். அம்மா இத்தோடு நிறுத்திவிட்டார். நான் கொஞ்சம் மேலே போகிறேன். அந்த ஐவரில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர். 1816-ல் யாழ்ப்பாணம் வந்தார். 1822-ல் அந்த மண்ணிலேயே இறந்தார். அவர் பையில் திரும்பிப் போகிற டிக்கெட் இருந்ததா? இல்லை. அதைப் ‘பயணம்’ என்று சொல்வீர்களா? அது குடியேற்றம் ஐயா! நம் தலைப்பு பத்து நாள் பயணத்தைப் பற்றியது. திங்கட்கிழமை விமானம், அடுத்த வாரம் புதன்கிழமை வீடு. அந்தக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

பயணம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாட்சி சொல்லுவார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் பனியன். ஒவ்வொரு பிள்ளையாய் மைக்கைப் பிடிக்கும். ‘என் வாழ்க்கை மாறிப்போச்சு’ என்று ஒரு பையன். ‘எனக்குக் கண் திறந்தது’ என்று ஒரு பெண். ‘நான் எவ்வளவு ஆசீர்வதிக்கப்பட்டவன்னு புரிஞ்சது’ என்று இன்னொருவன். ஐயா, நான் தமிழ் வாத்தியார். எழுவாய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். ‘என்’, ‘எனக்கு’, ‘நான்’. (கைதட்டல்) அந்த ஊர் எந்த வாக்கியத்திலாவது எழுவாயாக வந்ததா? ‘அந்த ஊரின் வாழ்க்கை மாறியது’ என்று ஒரு பிள்ளையாவது சொன்னதா? பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பெரியவர்கள்தான் அதற்கு வேறு பெயர் வைக்கிறோம்.

சரி, வாயால் பேசினால் போதாது, கணக்கு வேண்டும் என்பார்கள். கணக்குக்கு வருகிறேன். 1998-ல் ஹோண்டுராஸ் நாட்டை ‘மிட்ச்’ என்ற சூறாவளி புரட்டிப் போட்டது. வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டித்தர வட அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து கூட்டம் கூட்டமாய்ப் போனார்கள். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. அந்த நாட்டிலேயே தங்கியிருந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர், அவரும் கிறிஸ்தவர்தான், கிறிஸ்தவக் கல்லூரிக்காரர்தான், இதை ஆராய்ந்தார். போகவரச் செலவு எல்லாம் சேர்த்தால், ஒரு குழு போய் ஒரு வீடு கட்ட ஏறக்குறைய 30,000 டாலர். அதே மாதிரி வீட்டை ஹோண்டுராஸ்காரர்களின் அமைப்பு கட்டினால் 2,000 டாலர். ஐயா, ஒரு வீட்டுக் காசில் பதினைந்து வீடு! வீடு கிடைத்த குடும்பங்களைக் கேட்டால், யார் கட்டினார்கள் என்பதால் அவர்கள் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் மீதி 28,000 டாலர் எங்கே போனது? ஆற்றில் போகவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவாய்ப் போனது. ஊர் பள்ளிக்கூடமானது, பிள்ளைகள் மாணவர்கள் ஆனார்கள். படித்தவர் யார், ஃபீஸ் கட்டியவர் யார் என்று பார்த்தால் தீர்ப்பு தானாக வந்துவிடும்.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார் என்றும் தெரியும். அதே ஆராய்ச்சியில், போய்வந்தவர்களிடமும் மாற்றம் அதிக நாள் நிலைக்கவில்லை என்று இருக்கிறது, அதை மறைத்துவிட்டாயே என்பது சிரிப்பின் பொருள். மறைக்கவில்லை ஐயா, இதோ நானே சொல்லிவிட்டேன். (சிரிப்பு) வகுப்பில் அறுபது பேர் உட்காருகிறார்கள். ஐம்பது பேர் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். அதனால் பாடம் மாணவனுக்கு இல்லை, பெஞ்சுக்குத்தான் என்று ஆகிவிடுமா?

செங்கல் கதை ஒன்று. ஓர் அமெரிக்கப் பெண் பள்ளியில் படித்தபோது தான்சானியாவுக்குத் தொண்டு செய்யப் போனதைப் பற்றி 2014-ல் எழுதினார். அது பள்ளிக்கூடத்துப் பயணம், திருச்சபைப் பயணம் அல்ல; ஆனாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. பகலெல்லாம் நூலகம் கட்டச் செங்கல் அடுக்கினார்களாம். செங்கல்லை இதற்கு முன்னால் தொட்டது கிடையாது. சுவர் எப்படி நின்றிருக்கும்? இரவில் ஊர் ஆண்கள் வந்து, அடுக்கியதைப் பிரித்து, நேராக்கிக் கட்டிவைத்துவிட்டுப் போவார்கள். காலையில் பிள்ளைகள் எழுந்து பார்த்தால் சுவர் நேராய் நிற்கும். அந்த இரவு வேலையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்த்தார்களே, அங்கே யார் யாருக்குத் தொண்டு செய்தது? (கைதட்டல்)

என்னிடம் படித்த ஒருவர் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார். அவர் மகள், பதினேழு வயது, அங்கேயுள்ள திருச்சபையின் வாலிபர் குழுவோடு குவாத்தமாலா போய்வந்தாள். கார் கழுவிக் காசு சேர்த்தாளாம், கேக் விற்றாளாம். ஸ்பானிஷ் மொழியில் பத்துப் பாட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு போனார்களாம். போய்ப் பார்த்தால் அந்த மலைக் கிராமத்துச் சின்னப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் இல்லை, காக்சிகேல். அந்த நாட்டில் மாயா இன மொழிகளே இருபதுக்கு மேல் இருக்கின்றன. நம்மிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், மொழி தெரியாத ஊருக்குப் போகிறவன் முதலில் வாயைக் கட்டு, காதைத் திற என்று. (சிரிப்பு) பிறகு அந்தப் பிள்ளைகள் இவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்களாம்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்தாள். தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாள். சொன்னாள்: ‘அங்கிள், நாங்க சாப்பிட்ட வீட்ல மூணு கோழி இருந்தது. நெக்ஸ்ட் டே பார்த்தா ரெண்டுதான் இருந்தது.’ நான் ஒன்றும் பேசவில்லை. ‘அவங்க தட்டுல சோள ரொட்டியும் உப்பும்தான் அங்கிள். கோழி எல்லாம் எங்க தட்டுல.’ அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, ‘நாங்க அவங்க வீட்டுச் சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சோம். மஞ்சக் கலர். அவங்க அதைக் கேக்கவே இல்ல’ன்னா.

ஐயா, அந்தத் தாய் கேட்காத மஞ்சள் வண்ணம் வரவில் வைக்கத்தக்கதா? மூன்றில் ஒன்றாய் இருந்த கோழி எந்தப் பக்கம் செலவு? விருந்தோம்பலைப் பற்றி முப்பது வருஷமாய் வகுப்பெடுக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு மத்தியானத்தில் புரிந்துவிட்டது. கொடுத்தது ஊர்.

இப்போது எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். வேலூர்! அம்மா ஓங்கிச் சொன்னாங்க, ‘ஐடா ஸ்கடர் வரலேன்னா வேலூர் ஆஸ்பத்திரி ஏது?’ சரியான கேள்வி. பதிலும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது.

1890. திண்டிவனம். ஐடாவின் அப்பா அங்கே மிஷன் மருத்துவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெண் வருகிறாள். இருபது வயதுகூட முழுதாய் ஆகவில்லை. ஊழியத்துக்கு வரவில்லை, ஊழியமே வேண்டாம், கொஞ்ச நாளில் திரும்பிப் போய்விட வேண்டும் என்கிற எண்ணத்தோடு வந்தவள். ஓர் இரவு கதவு தட்டப்படுகிறது. ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வேதனை, நீ வந்து பார் அம்மா என்கிறார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்கிறாள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அவர் போய்விடுகிறார். அதே இரவில் ஒரு முஸ்லிம் வருகிறார், அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாய் இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

நடுவர் ஐயா, அந்தப் பயணத்தில் திண்டிவனத்துக்குக் கிடைத்தது என்ன? மூன்று சாவு. அவள் வந்ததால் வந்த சாவு அல்ல; ஆனால் அவள் வந்தும் தடுக்க முடியாத சாவு. ஐடாவுக்குக் கிடைத்தது? ஒரு முழு வாழ்க்கை! திரும்பிப் போனாள், மருத்துவம் படித்தாள், 1899-ல் கார்னெல்லில் பட்டம் வாங்கினாள், 1900-ல் வந்தாள். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-ல் கொடைக்கானலில் கண்மூடினார். பயணத்தால் அவர் பெற்றார். பிறகு ஆயுளைக் கொடுத்து ஊருக்குத் திருப்பினார். அம்மா காட்டிய வேலூர் பயணத்தின் பலன் அல்ல, பயணத்தை நிறுத்தியதன் பலன். (கைதட்டல்)

மானிப்பாய்க்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் என் தமிழ் என்னை மன்னிக்காது. 1847-ல் ஏறக்குறைய இருபத்தைந்து வயதில் வந்த அமெரிக்க மருத்துவர். தமிழைப் படித்தார், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூறு, இரண வைத்தியம், பிள்ளைப்பேறு என்று நூல் நூலாய்த் தமிழாக்கினார். இங்கிலீஷில் இருந்தால்தான் மருத்துவம் என்று நாம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! அவர் முதலில் மாணவனாய் உட்கார்ந்தார். அப்புறம்தான் வாத்தியார் ஆனார்.

பைபிள் சொல்லவில்லையா போகச் சொல்லி என்று கேட்பார்கள். சொல்கிறது. லூக்கா பத்தாம் அதிகாரம். எழுபது பேரை இரண்டிரண்டு பேராய் அனுப்பும்போது, பணப்பை வேண்டாம், மூட்டை வேண்டாம், செருப்புகூட வேண்டாம், எந்த வீட்டில் சேர்த்துக்கொள்கிறார்களோ அங்கே வைத்ததைச் சாப்பிடு என்று அனுப்புகிறார். நோயாளிகளைக் குணப்படுத்தவும் சொல்கிறார், அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: சோற்றுக்கு ஊரை நம்பி நிற்கிறவர்களாய்த்தான் அனுப்பினார். நம் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பெட்டி, இருபத்துமூன்று கிலோ வீதம் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெட்டி நிறையக் கரடி பொம்மை. (சிரிப்பு)

பொம்மை என்றதும் சிரித்தீர்கள். சிரிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அநாதை இல்லங்கள். பத்து நாள் குழந்தையைத் தூக்கி வைத்துக் கொஞ்சி, படம் எடுத்து, பதினோராவது நாள் அழுதுகொண்டே விமானம் ஏறுகிறார்கள். அடுத்த வாரம் வேறொரு குழு, வேறு அக்கா, வேறு அண்ணன், அதே குழந்தை. கம்போடியாவில் 2011-ல் வந்த ஆய்வில், இல்லங்களில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. பார்க்க ஆள் வருகிறார்கள், பணம் வருகிறது; அதனால் பிள்ளை சேர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இதில் என்ன லாபம் என்று எதிரணி சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஐயா கை மணிப் பக்கம் போகிறது. அடுத்துப் பேச வருகிற தம்பிக்கு ஒரு கேள்வி மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். போகிற இடத்துக்குத்தான் பயன் என்கிறீர்களே தம்பி, அந்த ஹோண்டுராஸ் கிராமத்திலிருந்து பதினைந்து வாலிபர்கள், நாங்களும் பத்து நாள் ஊழியம் செய்துவிட்டு வருகிறோம் என்று அமெரிக்காவுக்கு விசா கேட்டு வரிசையில் நின்றால், எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

(கைதட்டல்)